பத்தும் என்று சொன்ன கம்பி

எங்கள் தோட்டத்து இஞ்சின்காரர் ஒரு முறை சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்ததே இல்லை. இதைக் கேட்டதும் வாக்குத் தவறாத பெரிய மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. தவறாகச் சொன்னதையும் திரும்ப எடுக்க மாட்டார், அவ்வளவுதான்.

நான் மூத்தவளை வயிற்றில் சுமந்துகொண்டு குழாயடியில் நின்ற ஒரு நாள் அந்த வழியாகப் போனவர், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆம்பளப் புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை யாரும் கேட்கவில்லை. பிறந்தது பெண். பெயர் வைக்கிற அன்றைக்கு அவரும் அவர் சம்சாரமும் வந்தார்கள். தொட்டிலுக்குள் குனிந்து பார்த்தார். "தம்பி நல்லா இருக்காப்ல" என்றார். அவள் வளர்ந்து ரெட்டைச் சடை போட்டு, பாவாடை கட்டித் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகும் அவருக்குத் தம்பிதான். "தம்பி, மழை வருது, வீட்டுக்கு ஓடு" என்பார். அவளும் ஓடுவாள். நான் சண்டை போட்டுப் பார்த்தேன். காது கேட்காதவர் மாதிரி போய்விடுவார்.

அவர் சம்சாரத்தை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி சொன்ன கதை இது. கல்யாணமான புதிதில், பாகற்காய் பிடிக்காது என்று சொல்ல வந்த இஞ்சின்காரர், பதற்றத்தில் கத்தரிக்காய் பிடிக்காது என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அந்த வீட்டில் கத்தரிக்காய் இல்லை. வாரம் தவறாமல் பாகற்காய் உண்டு, அதையும் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார். நான் கருவாடு போட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கிற அன்றைக்கு மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி எங்கள் வீட்டுப் பக்கம் வருவார். அடுப்படிக் கதவோரம் நின்று, "என்னா நாத்தம் இது" என்பார். சொல்லிவிட்டு வெகுநேரம் அங்கேயே நிற்பார். ஒரு கரண்டி ஊற்றட்டுமா என்று கேட்டால் கோபம் வந்துவிடும்.

தோட்டம் மலாயாவில், நெகிரி செம்பிலானில், தம்பின் ஊருக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ரப்பர் ஸ்டோருக்குப் பக்கத்தில் இஞ்சின் கொட்டகை. அந்த இஞ்சின் ஓடினால்தான் ஸ்டோரில் வேலை நடக்கும், துரை பங்களாவில் காற்றாடி சுற்றும், விளக்கு எரியும். அவர் வேலையில் கெட்டிக்காரரா என்று கேட்டால், மற்றவர்கள் மாதிரிதான். இஞ்சின் ஓடினால் ஓட்டுவார். நின்றுபோனால், "அது ஓய்வெடுக்குது" என்று சொல்லிவிட்டு அடித்துத் தட்டிக் கிளப்புவார்.

ஆனால் கம்பி விஷயத்தில் மட்டும் மனிதர் வேறு ஆள். எந்தக் கம்பியைக் கண்டாலும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்ப்பார். பெண் பார்க்க வந்த மாமியார் கூட அப்படிப் பார்க்க மாட்டாள். ஒல்லிக் கம்பி என்றால் அவருக்கு ஆகவே ஆகாது.

"ஒல்லிக் கம்பி திருட்டுப் பய," என்பார். "இஞ்சின் குடுக்குற கரண்ட்ல பாதிய அவனே தின்னுட்டு மீதியத்தான் வெளக்குக்குக் குடுப்பான். தின்னது எங்க போச்சுன்னு பாக்கணுமா? தொட்டுப் பாரு, சுடும்."

எனக்கு அது விளங்கவில்லை. அவர் லயத்து வரிசை வீடுகளுக்குப் போகிற தண்ணீர்க் குழாயைக் காட்டினார். எங்கள் வீடு கடைசி லயத்தில். "மொத லயத்துல நாலு பொம்பளைங்க பைப்பத் தொறந்தா ஒங்க லயத்துல என்னா வரும்?" என்று கேட்டார்.

"காத்து வரும்," என்றேன். அந்தக் கஷ்டம் எனக்குத்தானே தெரியும்.

"பைப்பு நல்லா தடியா, மொத்தமா இருந்தா ஒனக்கும் வரும். கம்பியும் அதேதான். தூரம் கூடக்கூட மொத்தமும் கூடணும். ஒல்லியாப் போட்டுத் தூரமா இழுத்தா கடைசி வெளக்கு அழும்."

இவ்வளவு தெரிந்தவர் செய்த காரியத்தைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

மலாயா முழுக்க அவசர காலச் சட்டம் வந்தது. காட்டில் கம்யூனிஸ்டுகாரர்கள், ரோட்டில் பட்டாளம், நடுவில் நாங்கள். ஆங்காங்கே கிடந்த லயங்களைப் பிரித்து எல்லோரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்துச் சுற்றிலும் முள்ளுக்கம்பி வேலி போடச் சொன்னார்கள். வேலி ஓரம் நெடுகிலும் விடியும்வரை விளக்கு எரிய வேண்டும் என்பது உத்தரவு. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது கேட்டில் நிறுத்திச் சோதனை போடுவார்கள். ஒரு பிடி சோறு வெளியே போகக் கூடாது. வெறும் வயிற்றோடு மரம் வெட்டிவிட்டுத் திரும்பி வந்துதான் சாப்பாடு.

வேலி விளக்குக்காக சிரம்பான் டவுனிலிருந்து தடித்த மொத்தக் கம்பிச் சுருள்கள் லாரியில் வந்து இறங்கின. துரை அவரைக் கூப்பிட்டு, இது பத்துமா என்று கேட்டார். இவர் சுருள்களை ஒரு முறை சுற்றி வந்தார். "பத்தும் தொரை" என்றார். அளக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவர் சொன்னது சரிதான். அன்றைக்கு இருந்த வேலிக்கு அது பத்தியிருக்கும்.

வேலிக்குக் கோடு போட்டபோது முனியாண்டி கோயில் வெளியே போய்விட்டது. சாமியைக் காட்டுப் பக்கம் தள்ளிவிட்டு நாங்கள் மட்டும் வேலிக்குள் படுத்துக்கொள்வதா? பெண்கள் எல்லோரும் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் போய் நின்றோம், பால் வாளியைத் தொட மாட்டோம் என்றோம். துரை முகம் சிவந்து போனார். கடைசியில் வேலியை இழுத்துக் கோயிலை உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். வேலி அந்தப் பக்கம் மட்டும் காடு வரைக்கும் போய்த் திரும்பியது. இடம் கிடைத்ததென்று, ஆபீஸ் கணக்கெழுதுகிற பெரிய கிராணிக்கும் கோயில் பக்கத்தில் ஒரு வீடு கட்டினார்கள்.

துரை மறுபடியும் அவரைக் கேட்டார். "வேலி நீளமாப் போச்சு. கம்பி பத்துமா?"

நான் அங்கேதான் நின்றிருந்தேன். அவர் வேலியைப் பார்த்தார். சுருளைப் பார்த்தார். அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும். ஆனால் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதே. "பத்தும் தொரை" என்றார்.

மொத்தக் கம்பி கோயில் கம்பத்தோடு தீர்ந்துவிட்டது. அங்கிருந்து காட்டு மூலை வரைக்கும், வீட்டுக்குள்ளே ஒற்றை விளக்குக்கு இழுப்பார்களே, அந்த ஒல்லிக் கம்பியை முறுக்கிச் சேர்த்து ஓட்டிவிட்டார். மற்ற இடத்தில் விளக்கு வெள்ளை வெளேரென்று எரிந்தது. மூலையில் பழுத்த பலாச்சுளை நிறத்தில் எரிந்தது. ஏன் அப்படி என்று கேட்டவர்களிடம், "காட்டுப் பக்கம் அவ்ளோ போதும்" என்று சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் பகலில் பால் வெட்டுவார். சாயங்காலத்தில் வேலிக் காவல். அவருக்குக் கிடைத்த இடம் அந்த மூலை. கொஞ்ச நாளில் என்னிடம், கண்ணில் ஏதோ கோளாறு என்றார். விளக்கு திடீரென்று மங்குகிறதாம், பிறகு தெளிகிறதாம், மறுபடி மங்குகிறதாம். நான் கண்ணுக்கு நல்லதென்று முருங்கைக்கீரையாகச் சமைத்துப் போட்டேன். கீரையில் ஒன்றும் நடக்கவில்லை. கண்ணில் கோளாறு இருந்தால்தானே.

கோளாறு பெரிய கிராணி வீட்டில் இருந்தது. கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் காற்சட்டை இல்லாமல் ஆபீசுக்குப் போக மாட்டார். அவர் வீட்டம்மாவுக்குப் புதிதாக ஒரு கரண்டு இஸ்திரிப் பெட்டி வந்திருந்தது. அந்த வீட்டுக்கும் கரண்டு போனது அதே ஒல்லிக் கம்பியிலிருந்துதான். அம்மா சாயங்காலம் பெட்டியைச் செருகுவார். சூடு ஏறியதும் பிடுங்குவார், ஆறியதும் மறுபடி செருகுவார். செருகும்போதெல்லாம் மூலை விளக்கு அழும், பிடுங்கினால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

எதிர்க் குன்றில் பட்டாளம் முகாம் போட்டிருந்தது. அங்கிருந்து பார்த்தவனுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? காட்டோரத்து விளக்கு ஒன்று மங்கித் தெளிகிறது, தினமும் அதே நேரத்தில். யாரோ விளக்கை மறைத்து மறைத்துக் காட்டுக்குச் சாடை காட்டுகிறான். ஒரு நாள் ஜீப் வந்தது. மூலையில் நின்ற என் வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பெரிய கிராணி என்னிடம் வந்து, "சிரம்பானுக்குத்தான் கொண்டு போயினம். விசாரிச்சுப்போட்டு விடுவினம். நீர் அழாதையும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் விசாரித்துவிட்டு எங்கே விடுவார்கள் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். வழக்கும் கிடையாது, கோர்ட்டும் கிடையாது. கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். நாகப்பட்டினம் எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூட அவருக்குத் தெரியாது.

எனக்கு அப்போது ஒன்றும் ஓடவில்லை. ஆனால் கடைசி விளக்கு அழும் என்று அந்த மனிதர் சொன்னது மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுநாள் பாலை எடை போட்டுவிட்டு, கையில் வாளியோடு இஞ்சின் கொட்டகைக்குப் போனேன். அவர் இஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த மூல வெளக்கு ஏன் அப்படி அழுவுது?"

"வெளக்குன்னா அப்படித்தான்."

"மத்த வெளக்கெல்லாம் அழுவலையே."

அவர் குனிந்து எண்ணெய்க் குப்பியை நகர்த்தி வைத்தார்.

"கம்பி பத்தலையா?"

"பத்தும்னு சொன்னேன்."

"நீங்க சொன்னது கெடக்கட்டும் லா. பத்துச்சா, பத்தலையா?"

துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். அவருக்குத் தெரியும் என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. வந்த ஆத்திரத்தில் வாளியை அவர்மேல் வீசியிருப்பேன். வாய்தான் முந்திக்கொண்டது.

"ஒங்க வாய்க்காக அங்க ஒரு மனுசன் உள்ள கெடக்குறாரு. அவரக் கப்பல்ல ஏத்திட்டாங்கன்னா, நீங்களே எங்க வீட்டுக்கு வந்து என் புள்ளைக்கிட்ட அப்பன் இல்லன்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் சொன்னதாச்சே."

அவர் துணியைக் கீழே வைத்தார். நான் வீட்டுக்கு வந்து அடுப்புப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அண்ணி சோறு கொண்டுவந்து வைத்தார். அதைத் தொடவில்லை. அந்த வீட்டுச் சோறு எனக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். பாவம், அண்ணி என்ன செய்வார்.

மறுநாள் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஒருவர் எங்கள் வீட்டைச் சோதனை போட வந்தார். அரிசி டின்னைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், சாமி படத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். பிறகு என்னை ஆபீஸ் வாசலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். துரை நாற்காலியில் இருந்தார். பெரிய கிராணிதான் இரண்டு பாஷையும் பேசினார். தோட்டமே சுற்றி நின்றது.

அப்போது இஞ்சின்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எண்ணெய் அழுக்கோடு அப்படியே வந்திருந்தார். அதிகாரிக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மூடிக்கொண்டு மறுபடி திறந்தார்.

"கம்பி பத்தல," என்றார்.

கிராணி திகைத்துப்போய் அதை இங்கிலீஷில் சொல்ல மறந்துவிட்டார். "என்ன சொன்னீர்?"

"கம்பி பத்தல. பத்தும்னு நான் சொன்னது தப்பு."

என் பக்கத்தில் நின்ற அண்ணி சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவர், அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்கிறார்.

அதற்குப் பிறகு வேகமாகச் சொல்லி முடித்துவிட்டார். மொத்தக் கம்பி கோயில் கம்பத்தோடு நின்றுவிட்டது, மிச்சத் தூரத்துக்கு ஒல்லிக் கம்பி போட்டேன், கிராணி வீட்டில் இஸ்திரிப் பெட்டி போடும்போதெல்லாம் மூலை விளக்கு மங்குகிறது, காவல் நின்றவன் விளக்கைத் தொடவே இல்லை. தன் வீட்டுப் பெட்டி விவகாரத்துக்கு வந்ததும் கிராணிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இவர் அவர் பக்கம் திரும்பி, "பொட்டி மேல தப்பு இல்லங்க. மொத்தக் கம்பியா இருந்தா அது பாட்டுக்குத் தாங்கியிருக்கும். தப்பு என் மேல. அப்படியே சொல்லுங்க" என்றார். கிராணி அப்படியே சொன்னார் என்றுதான் நினைக்கிறேன்.

பொழுது சாய்ந்ததும் அதிகாரி மூலைக் கம்பத்தடியில் போய் நின்றார். கிராணி வீட்டம்மா பெட்டியைச் செருகினார். விளக்கு மங்கியது. பிடுங்கினார், தெளிந்தது. அதிகாரி இன்னொரு முறை என்றார், பிறகு இன்னொரு முறை என்றார். அம்மாவோ சும்மா செருகிப் பிடுங்கத் தெரியாமல் நிஜமாகவே தேய்த்துக்கொண்டிருந்தார். காற்சட்டைகள் தீர்ந்து, சட்டைகள் தீர்ந்து, தலையணை உறைகளுக்கு வந்த பிறகுதான் அதிகாரிக்கு நம்பிக்கை வந்தது. என் வீட்டுக்காரரை விட்டுவிடுவதாகச் சொன்னார்.

நான் தரையில் விழுந்து கும்பிட்டேன். நான் எழுந்திருப்பதற்குள் அதிகாரி அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார். பத்தும் என்று வாங்கின மொத்தக் கம்பி கோயிலோடு நின்றதென்றால், மீதி எங்கே?

"மீதி இல்ல," என்றார் இஞ்சின்காரர்.

பத்தும் என்று துரையிடம் சொன்ன ஆள், மீதி இல்லை என்று சொன்னால் யார் நம்புவது? காட்டுக்குச் சோறு போனாலும் குற்றம், கம்பி போனாலும் குற்றம். அதிகாரி அவரை ஜீப்பில் ஏறச் சொன்னார். அவர் ஏறினார். இது வரும் என்று தெரிந்துதான் அந்த மனிதர் வாயைத் திறந்திருக்கிறார் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். இளைத்துப் போயிருந்தார். லாக்கப் வாசலில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள். "என்னாண்ணே, நீங்க எப்படி இங்க?" என்று இவர் கேட்டிருக்கிறார். "நீ வீட்டுக்குப் போ. கோயில் கம்பத்துல கம்பி சேத்த எடத்தத் தொட்டுத் தொலைக்காத, சுடும்" என்றாராம்.

என் வீட்டுக்காரர் ஒரு வாய் சோறு சாப்பிட்டார். எழுந்து நேராகத் துரையிடம் போனார். வேலியில் ஓடுகிற மொத்தக் கம்பியை அளந்து பார்க்கச் சொன்னார். துரைக்கு அளக்க இஷ்டமில்லை. இவர் நகரவும் இல்லை. கடைசியில் கங்காணி மண்டோர்களை விட்டு, நிலம் அளக்கிற சங்கிலியைப் பிடித்துக் கம்பம் கம்பமாக அளந்தார்கள். வாங்கின கம்பி அத்தனையும் வேலிமேல்தான் இருந்தது. துரை அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி அவருடைய அதிகாரியிடம் சொன்னார். அந்தப் பேச்செல்லாம் முடிந்து இஞ்சின்காரரை விட வாரக் கணக்கில் ஆனது.

திரும்பி வந்தவர் பழைய ஆளே இல்லை. அடித்தார்களா என்று அண்ணிக்கே சொல்லவில்லை. ஆனால் எதைக் கேட்டாலும் "தெரியல" என்றார். இன்றைக்கு விளக்கு வருமா அண்ணே என்றால் தெரியல. மழை வருமா என்றால் தெரியல. பசிக்கிறதா என்று அண்ணி கேட்டாலும் அதே பதில்தான். "பேசாம முன்ன மாதிரி தப்பாவே எதையாச்சும் சொல்லித் தொலைக்கலாம்" என்று அண்ணி குழாயடியில் அழுதார். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. என் புருஷன் எனக்குக் கிடைத்துவிட்டார். அண்ணியுடைய புருஷனைத் திருப்பிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

பிறகு ஒரு மத்தியானம், காட்டு மூலைக்குப் போட மொத்தக் கம்பி லாரியில் வந்தது. துரை வந்து நின்றார். நாங்களும் போய் நின்றோம். துரை அவரைப் பார்த்து, "இஞ்சின், இது பத்துமா?" என்று கேட்டார்.

அவர் சுருள்களைச் சுற்றி வந்தார். ஒரு நுனியை எடுத்து விரலில் உருட்டினார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தெரியல தொரை," என்றார்.

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத் தாங்கவில்லை. துரைக்கு முன்னால் அதுவரை தனியாக வாயே திறக்காத நான் ஓரடி முன்னால் வந்து, "பத்தும் தொரை, நல்லாப் பத்தும்" என்றேன்.

இஞ்சின்காரர் திரும்பினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் கடுகடுவென்று மாறியது.

"கம்பியப் பத்தி ஒனக்கென்ன தெரியும்?" என்றார். "இது பத்தாது தொரை. இன்னும் ஒரு சுருள் வேணும்."

"சத்தியமா?" என்றார் துரை.

"பத்தாதுன்னு சொன்னேனே."

இன்னொரு சுருள் வந்தது. அவர் கம்பியை இழுத்து முடித்தார். காட்டு மூலை விளக்கு மற்ற விளக்குகளைப் போலவே வெள்ளையாக எரிந்தது. கிராணி வீட்டம்மா இஸ்திரிப் பெட்டியைச் செருகினார், விளக்கு அசையவில்லை. கடைசியாக வந்த சுருள் மட்டும் கட்டுப் பிரிக்காமல் முழுசாக அப்படியே இருந்தது. அவர் அதைத் தூக்கிக்கொண்டுபோய் இஞ்சின் கொட்டகைச் சுவரில் மாட்டினார்.

நான் அண்ணியோடு போய் அதைப் பார்த்தேன். "அண்ணே, இது மீதியா?" என்று கேட்டேன்.

"மீதி இல்ல," என்றார்.

அந்த அதிகாரியிடம் இதே சொல்லை உண்மையாகச் சொன்னபோது நம்ப ஒருவரும் இல்லை. இப்போது கண்ணுக்கு முன்னால் முழுச் சுருள் தொங்குகிறது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாண்ணே," என்றேன். "மீதியே இல்ல."